நிறைந்தபடியே வீடு திரும்பிய தண்ணீர் பாட்டில்கள்: ஒரு பள்ளிக் கழிப்பறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நடக்கும் பள்ளி அது. மொத்தம் 780 பேர். அதில் மாணவிகள் 410. தேர்வு முடிவுகளில் குறை சொல்ல இடமில்லை, ஒழுங்குக்கும் பெயர் போனது. மாணவர் கழிப்பறைகள் மோசம் என்பது ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்ததை எழுதி வைத்தவர்தான் யாருமில்லை. அலுவலகத்துப் புகார்ப் பதிவேட்டில் நான்கு கல்வியாண்டுகளாகக் கழிப்பறை பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதையே "புகார் ஏதும் வரவில்லை" என்று அறிக்கைகளிலும் எழுதி வந்திருக்கிறார்கள்.

ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை, தனிச் சாவி. மாணவிகளின் கழிப்பறை பிரதானக் கட்டடத்துக்குப் பின்னால், தரைத்தளத்தில். வேலை இருந்தாலொழியப் பெரியவர்கள் கால் வைக்காத இடம்.

இதற்கிடையே பள்ளி மூன்று விதிகளைச் சேர்த்திருந்தது. பாடவேளையில் யாரும் வெளியே போகக் கூடாது. அவசரமென்றால் ஒருவர் மட்டும் போகலாம், இரண்டு பேராகப் போகக் கூடாது. இடைவேளை மணிக்குப் பின் வருபவர் அந்தப் பாடவேளை முழுக்க வெளியே நிற்க வேண்டும். கொண்டுவந்த நேரத்தில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு நியாயம் இருந்தது. மூன்றும் ஒன்றுசேர்ந்து என்ன செய்கின்றன என்று யாரும் பார்க்கவில்லை.

முதல் தடயம்

புதிதாகப் பொறுப்பேற்ற துணைத் தலைமையாசிரியர், அரை நாள் விடுப்புச் சீட்டுகளைப் புரட்டும்போது ஒன்றைக் கவனித்தார். எட்டு முதல் பத்து வரையிலான மாணவிகளின் சீட்டுகளில் பெரும்பாலானவை மதியத்துக்குப் பிந்தியவை. காரணம் ஏறக்குறைய எல்லாவற்றிலும் "வயிற்று வலி". அதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. மறுநாள் கடைசி மணிக்குச் சற்று முன் ஒன்பதாம் வகுப்புப் பிரிவு ஒன்றுக்குப் போய், எல்லாரும் தண்ணீர் பாட்டிலை மேசைமேல் வைக்கும்படி சொன்னார். 41 பாட்டில்கள். அவற்றில் 29 கழுத்துவரை நிறைந்திருந்தன. காலையில் வீட்டில் நிரப்பிய தண்ணீர் தொடப்படாமலே வீட்டுக்குத் திரும்பப் போகிறது. ஏன் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னார்: "குடிச்சா போகணும், மிஸ்."

தலைமையாசிரியரிடம் இது அன்றே போனது. அவர் முதலில் கேட்டது, முந்தைய ஆண்டு எடுத்த மாணவர் கருத்துக்கணிப்பைப் பற்றி. அதில் "கழிப்பறை வசதி திருப்தியாக உள்ளதா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் "ஆம்" போட்டிருந்தார்கள். பெயர் எழுதி, வகுப்பாசிரியர் முன்னால் நிரப்பிய தாள் அது. வேறு எப்படி வரும்?

புதிய தாளில் பெயரில்லை. அபிப்பிராயமும் கேட்கப்படவில்லை, நடந்தது மட்டுமே கேட்கப்பட்டது: நேற்று பள்ளியில் எத்தனை தடவை போனாய்? போக நினைத்தும் போகாமல் இருந்தாயா? எந்தக் கதவுக்குப் போக மாட்டாய், ஏன்? மாணவிகளின் தாள்களில் முதல் கேள்விக்கு அதிகம் வந்த விடை பூஜ்யம். காலை 8:45 முதல் மாலை 4 மணிவரை ஒரு தடவைகூட இல்லை. சிறுநீரை இப்படித் தினமும் அடக்குவதும், அடக்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் கொண்டுபோய் விடும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது.

நேரில் பார்த்தவை

அடுத்த வாரம் ஐந்து நாட்கள், தலைமையாசிரியரோ துணைத் தலைமையாசிரியரோ ஒரு பெண் ஆசிரியருடன் சேர்ந்து, மாணவிகள் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனார்கள். "நாமும் அதே கழிப்பறையைப் பயன்படுத்துவோம்" என்று ஒருவர் உற்சாகமாகச் சொன்னதை ஏற்கவில்லை. பெரியவர்களும் மாணவர்களும் ஒரே கழிப்பறையில் புழங்குவது பாதுகாப்புக்கு உகந்ததல்ல. பார்வையிடும்போதும் இரண்டு பேராகப் போவதே சரி.

அளவுகோல் ஒன்று கைவசம் இருந்தது. பள்ளிச் சுகாதாரத்தை உலக அளவில் கணக்கெடுக்கும்போது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மூன்று கேள்விகள் கேட்கின்றன: திறந்திருக்கிறதா, வேலை செய்கிறதா, உள்ளிருந்து தாழிட்டுத் தனிமையாக இருக்க முடிகிறதா. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் காகிதத்தில் 14 இருந்த அறைகளில் தேறியவை 6. இரண்டு அறைகள் அடைப்பு காரணமாகப் பூட்டிக் கிடந்தன. மூன்றில் தாழ்ப்பாள் இல்லை அல்லது போட்டாலும் நிற்கவில்லை. இரண்டில் மதியத்துக்குப் பின் தண்ணீர் வருவதில்லை. மிச்சம் ஒன்று, அகலக் கதவும் கைப்பிடிக் கம்பியும் வைத்துச் சக்கர நாற்காலி நுழையும்படி கட்டிய அறை. அதற்குள் உடைந்த பெஞ்சுகள் அடுக்கியிருந்தன. பள்ளியில் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருவர் உண்டு. இரண்டு வருடங்களாக அவருடைய அம்மா தினமும் மதியம் வந்து வீட்டுக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தார். அந்த அறையை அன்றைக்கே காலி செய்தார்கள். அரை மணி நேர வேலை.

தாழ்ப்பாள் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் எண் கதவு உள்ளீடற்ற பிளாஸ்டிக் கதவு. கீல் தளர்ந்து கதவு கீழிறங்கியதில், தாழ்ப்பாளின் தண்டு சட்டத்திலுள்ள துளைக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் கீழே வந்து முட்டியது. கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் மாட்டும். மாட்டினாலும் வெளியிலிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும். அதனால் மாணவிகள் தனியாகப் போவதில்லை; ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே கதவில் கால் வைத்துக் காவல். வெளியிலிருந்து பார்க்கும் ஆசிரியருக்குத் தெரிவது, கழிப்பறை வாசலில் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருக்கும் பெண்கள். "இரண்டு பேராகப் போகக் கூடாது" என்ற விதி அங்கிருந்து பிறந்ததுதான். விதி வந்ததும் காவல் போயிற்று. காவல் போனதும் அந்தக் கதவுகளுக்குள் யாரும் போவதில்லை. மிச்சக் கதவுகள் முன் வரிசை நீண்டது, மணிக்குப் பின் வருபவர்கள் அதிகமானார்கள், வெளியே நிறுத்தும் விதி வந்தது. 4 மில்லிமீட்டரில் தொடங்கியது இது.

நாற்றத்துக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு. பூட்டிக் கிடந்த இரண்டு அறைகளிலும் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. கழிவுநீர்க் குழாயின் வளைவில் எப்போதும் நிற்க வேண்டிய தண்ணீர், ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் ஆழம், வாரக்கணக்கில் ஆவியாகி வற்றிப்போயிருந்தது. சாக்கடை வாயுவைத் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டுமே. அது போனதும் வாயு நேராக மேலே வந்தது. நாற்றம் அடிக்கிறதென்று பினாயிலை இரண்டு மடங்காக்கினார்கள், பலனில்லை. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும்.

மதியம் தண்ணீர் தீர்ந்துபோவதற்கு மேல்நிலைத் தொட்டி சிறியது என்று எல்லாரும் நம்பினார்கள். தொட்டி 2,000 லிட்டர். குழாய்ப் பணியாளர் ஒவ்வொரு ஃபிளஷ் தொட்டிக்கும் வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, உள்ளே நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, 5 நிமிடம் கழித்துப் பார்த்தார். இரண்டு தொட்டிகளில் மட்டம் இறங்கியிருந்தது. பழைய கோடுவரை நிரப்ப ஒவ்வொன்றுக்கும் 1¼ லிட்டர் தேவைப்பட்டது. அப்படியானால் இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு அரை லிட்டர். ஒரு நாளைக்கு 720 லிட்டர் சத்தமில்லாமல் பீங்கானுக்குள் போய்க்கொண்டிருந்தது. அடிவால்வின் ரப்பர் வளையம் கெட்டிப்பட்டுப்போனதுதான் காரணம்.

பத்து நிமிடக் கணக்கு

இதுவரை கண்டதெல்லாம் பழுதுகள். பழுதுகள் அனைத்தையும் நீக்கினாலும் போதாது என்பதைக் காட்டியது ஒரு சிறிய கணக்கு. இடைவேளை 10 நிமிடம். ஒன்பதும் பத்தும் இரண்டாம் மாடியில் இருக்கின்றன. இறங்கிவர 2 நிமிடம், திரும்ப 2 நிமிடம். மிச்சம் 6. ஒருவர் உள்ளே போய் வெளியே வரச் சராசரியாக ஒன்றரை நிமிடம். 6 அறைகளில் 6 நிமிடத்தில் 24 பேர். 410 பேரில் 24! பதினான்கும் சரியாக இருந்தாலும் 56 பேர்தான்.

உலக சுகாதார நிறுவனம் குறைந்த செலவுச் சூழல்களுக்காக 2009இல் வெளியிட்ட பள்ளிச் சுகாதார வழிகாட்டுதல், 25 மாணவிகளுக்கு ஓர் அறை என்கிறது. இங்கே 17 வேண்டும். ஆகவே நிர்வாகக் குழுவில் முதலில் எழுந்த குரல் "புதிதாகக் கட்டுவோம்" என்பது. தலைமையாசிரியர் அதைத் தள்ளிவைத்தார். கட்டி முடிக்கக் குறைந்தது ஓராண்டு ஆகும், அதுவரை எதையும் தொடாமலிருக்க அதுவே சாக்காகிவிடும் என்பது அவர் வாதம். அனுபவமுள்ளவர் வாதம்.

முதல் முடிவும் அதன் தோல்வியும்

ஒரு வார இறுதியில் எல்லாப் பழுதுகளையும் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். அடைப்பு நீக்கப்பட்டது, ரப்பர் வளையங்கள் மாறின, ஐந்து கதவுகளுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது, சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். திங்கட்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்பும் ஆயிற்று.

19ஆம் நாள் மூன்று தாழ்ப்பாள்கள் கையோடு வந்திருந்தன. "பிள்ளைகள் உடைக்கிறார்கள், இவர்களுக்குச் செய்து என்ன பயன்" என்ற பேச்சு ஆசிரியர் அறையில் உடனே கிளம்பியது. நன்றாகப் போகும் முயற்சிகள் இந்த இடத்தில்தான் வழக்கமாக நின்றுபோகின்றன. துணைத் தலைமையாசிரியர் கழன்ற திருகாணிகளைக் கையில் வாங்கிப் பார்த்தார். எதுவும் வளைந்திருக்கவில்லை. உள்ளீடற்ற கதவின் மெல்லிய தகட்டில் அரை அங்குலத் திருகாணி. மரைக்குப் பிடிமானமே இல்லை. நாளுக்கு நூறு தடவை சாதாரணமாக இழுத்தாலே வந்துவிடும். யாரும் உடைக்கவில்லை.

அடைப்பும் திரும்ப வந்தது, அதே குழாயில். பணியாளர் வெளியே எடுத்தவை சானிட்டரி நாப்கின்கள். அறைகளுக்குள் குப்பைக்கூடையே கிடையாது. நுழைவாயிலில் திறந்த கூடை ஒன்று, அதுவும் வரிசையில் நிற்பவர்கள் கண்ணெதிரே. கையில் எடுத்துக்கொண்டு அதுவரை நடக்க எந்தப் பெண்ணும் விரும்பமாட்டாள். பீங்கானுக்குள் போட்டுவிடுவாள்.

இரண்டாம் சுற்று

தாழ்ப்பாள்கள் இம்முறை கதவை ஊடுருவும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டன. இரு பக்கமும் தகடு, உள்பக்கம் நட்டு, முனை மழுக்கப்பட்டது. சட்டத்துத் துளையை வட்டமாக விடாமல் மேலும் கீழுமாக நீளவாக்கில் ராவினார்கள். கதவு இன்னும் சற்று இறங்கினாலும் தண்டு மாட்டும். இரண்டு அறைகளில், உள்ளே யாராவது மயங்கிவிட்டால் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் வகைத் தாழ்ப்பாள் வைத்தார்கள். ஒவ்வோர் அறையிலும் காலால் மிதித்துத் திறக்கும் மூடிக்கூடை வந்தது. தினமும் மாலை, உறையோடு காலியாகும்.

நாப்கின்கள் அதுவரை ஓர் ஆசிரியையின் அலமாரியில், பூட்டுக்குள். கேட்டால் தருவார், கேட்பவர்தான் அரிது. அவற்றைக் கழிப்பறையின் உள்பக்கத் தட்டுக்கு மாற்றினார்கள். முதல் வாரம் வைத்ததெல்லாம் ஒரே நாளில் காலியாயிற்று. கணக்கர் முகம் சுளித்தார். நிறுத்தாமல் நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது வாரத்தில் எடுப்பது குறைந்து ஒரு நிலைக்கு வந்தது. நாளைக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகு பைக்குள் சேர்த்துவைக்கத் தேவையில்லை.

கால அட்டவணை மாற்றம்தான் அதிகம் வாதிடப்பட்டது. இடைவேளை 15 நிமிடமாயிற்று. ஆறு முதல் எட்டு வரை ஒரு நேரம், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இன்னொரு நேரம். நடக்கும் நேரம் போக 11 நிமிடம், 14 அறைகள், தலா ஒன்றரை நிமிடம்: ஓர் இடைவேளைக்கு 102 பேர், இரண்டும் சேர்ந்து 200க்குச் சற்று மேல். முன்பு 24. கூடுதல் 5 நிமிடத்தைக் காலை வழிபாட்டிலிருந்து எடுத்தார்கள். இரு பிரிவுக்கும் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் ஒன்பது பேர். அவர்களுக்கு ஓய்வு பிசகாமல் அட்டவணை போட இரண்டு வாரம் பிடித்தது.

பின்பு விதிகள். பாடவேளையில் போவதற்கு ஆசிரியர் மறுக்க முடியாது என்றாயிற்று. வகுப்பறைக் கதவருகே ஓர் அட்டை தொங்கும். தேவைப்படுபவர் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு போகலாம். அட்டை திரும்பி வரும்வரை அடுத்தவர் போக முடியாது. மூத்த ஆசிரியர் ஒருவர் கூட்டத்திலேயே நேராகக் கேட்டார்: "சார், கணக்குப் பீரியடுல பாதிப் பேர் வெளியதான் நிப்பாங்க, பரவாயில்லையா?" ஒரு மாதம் பார்ப்போம் என்றார் தலைமையாசிரியர். மாத முடிவில் அட்டையைத் துஷ்பிரயோகம் செய்தவர்கள் என்று ஆசிரியர்கள் பெயர் சொன்னது மூன்று பேரை. அவர்களோடு தனித்தனியாகப் பேசினார்கள்; அட்டையை எடுக்கவில்லை. மூவரில் ஒருவருக்கு உண்மையாகவே மருத்துவக் காரணம் இருந்தது தெரியவந்தது.

சுத்தம் செய்வது

ஒரே தூய்மைப் பணியாளர். காலை 7 மணிக்கு ஒரு தடவை கழுவுவார். அதன்பின் அலுவலக வேலைகள், தேநீர் கொண்டுபோவது, மணி அடிப்பது. அவருடைய நாளை முதன்முறையாக எழுதிப் பார்த்தபோதுதான், கழிப்பறைக்கு அவருக்குக் கிடைப்பது மொத்தம் 50 நிமிடம் என்று தெரிந்தது. மற்ற வேலைகளைப் பிரித்துக் கொடுத்து, காலையிலும், இரண்டாவது இடைவேளை முடிந்ததும், மதிய உணவுக்குப் பின்னும் என மூன்று வேளையாக்கினார்கள்.

கதவில் தொங்கவிட்ட கையெழுத்துத் தாள் இரண்டே வாரத்தில் பொய்யாயிற்று. வெள்ளிக்கிழமைக் கட்டங்கள் புதன்கிழமையே நிரம்பியிருந்தன. அதை எடுத்துவிட்டு, தினம் 1:30க்கு முறைவைத்து ஓர் ஆசிரியை போய் ஒரே ஓர் எண்ணை மட்டும் எழுதிவருவது என்று மாற்றினார்கள்: 14இல் இன்று எத்தனை தேறும்? அந்த எண் தலைமையாசிரியர் மேசைக்குப் போகும், அதே மாலை அறிவிப்புப் பலகைக்கும்.

இடையில் ஒரு விபத்து. மஞ்சள் கறை போக அமிலக் கழுவியை ஊற்றிய பணியாளர், அது முழுதும் அலசப்படுமுன் பிளீச்சிங் கரைசலையும் ஊற்றிவிட்டார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. மூச்சுத் திணறி வெளியே ஓடிவந்தார்; காற்றோட்டத்தில் உட்காரவைத்து மருத்துவரிடம் காட்டினார்கள், பெரிய பாதிப்பில்லை. அவருக்கு இதை யாரும் ஒருபோதும் சொல்லித் தந்ததில்லை. அதன்பின் அமிலம் சனிக்கிழமை மட்டும், சன்னல் திறந்து, கையுறையோடு. மற்ற நாட்களில் 5 சதவீதப் பிளீச் திரவம், 200 மி.லி. எடுத்து 10 லிட்டராகும்வரை தண்ணீர், 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அளவுக்கு ஒரு பழைய டம்ளரில் பெயிண்ட் கோடு போட்டுக் கொடுத்தார்கள். புட்டிகள் தனித்தனி அலமாரியில்.

பின்விளைவு

இரண்டாம் பருவ முடிவில் 1:30 மணி எண் பெரும்பாலான நாட்களில் 12 அல்லது 13. அதே ஒன்பதாம் வகுப்பில் மறுபடி பாட்டில்களை எண்ணியபோது நிறைந்திருந்தவை 11. அரை நாள் விடுப்புச் சீட்டுகளும் குறைந்தன. ஆனால் அது தேர்வு நெருங்கிய பருவம்; சீட்டுகள் அப்போது எப்படியும் குறையும். அதை இந்த மாற்றத்தின் கணக்கில் எழுதவில்லை. சக்கர நாற்காலி மாணவியின் அம்மா மதியம் வருவது நின்றது.

புகார்ப் பதிவேட்டில் அந்தப் பருவம் மட்டும் 37 பதிவுகள். நிர்வாகக் குழுவில் ஒருவர், "எல்லாம் செய்த பிறகா இத்தனை புகார்?" என்று கேட்டார். நான்கு ஆண்டு வெற்றுப் பக்கங்களைத் தலைமையாசிரியர் அவர் முன் திருப்பிக் காட்டினார்.

சரியாகாதவையும் உண்டு. கைகழுவும் சோப்பு தங்குவதில்லை. கட்டிச் சோப்பு காணாமல்போகும், திரவ சோப்புப் புட்டியின் மூடியைத் திருகி எடுத்துவிடுவார்கள். வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டிய சோப்புதான் ஓரளவு நின்றது.

மீண்டும் செய்வதானால்

மாணவர்கள் பக்கத்தை முதல் மாதமே பார்த்திருக்க வேண்டும். "பையன்களுக்கு என்ன, சமாளிப்பார்கள்" என்ற எண்ணம் எழுத்தில் இல்லாவிட்டாலும் முடிவுகளில் இருந்தது. 370 பேருக்கு 5 அறைகள், அவற்றில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சிறுநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே தடுப்பில்லை. ஆறாம் வகுப்புப் பையன்கள் இடைவேளையில் அந்தப் பக்கமே போவதில்லை, பெரிய வகுப்புக்காரர்கள் வாசலை மறித்து நிற்பார்கள் என்பதால். இடைவேளையைப் பிரித்ததில் இந்தத் தொல்லை பெருமளவு தானாகவே தீர்ந்தது. திட்டமிட்டுக் கிடைத்த பலனல்ல அது. ஓர் ஆசிரியர் நடைபாதை முனையில், கழிப்பறை வாசலிலிருந்து பத்தடி தள்ளி நிற்க ஏற்பாடு செய்தது பிறகுதான்.

கால அட்டவணைக் கணக்கை முதல் வாரமே போட்டிருந்தால் வெள்ளையடிப்பில் செலவான நாட்கள் மிஞ்சியிருக்கும். தூய்மைப் பணியாளரிடம் எட்டாவது வாரத்தில்தான் உட்கார்ந்து பேசினார்கள். எந்தக் குழாய் அடைக்கிறது, ஏன் அடைக்கிறது என்று அவருக்கு முன்பே தெரியும். அவரிடம் யாரும் கேட்டதில்லை. பைகள், நாப்கின், பிளீச், ரப்பர் வளையம் போன்ற தீர்ந்துபோகும் பொருள்களுக்கு முதலாண்டில் தனி ஒதுக்கீடு கிடையாது. ஒவ்வொரு மாதமும் தலைமையாசிரியர் தனிக்குறிப்பு எழுதி வாங்க வேண்டியிருந்தது. அவர் இரண்டு வாரம் விடுப்பில் போனபோது 1:30 மணி எண் 8க்கு இறங்கியது. இப்போது அது வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு நிரந்தர வரி.

மாணவர் பக்கத்துத் தடுப்புப் பலகைகளுக்கு அளவெடுத்தாகிவிட்டது. இன்னும் பொருத்தவில்லை.